பென்டிரைவுக்குள் ஒரு பிள்ளை

மகனுக்கு இருமல் என்று எழுதியதுதான் அருளம்பலம் விட்ட முதல் பிழை.

எழுதும்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. "ஏன் மகன் நீ ஒருக்காலும் போனிலை கோல் எடுக்கிறாய் இல்லை?" என்று மனைவி குணலட்சுமி எழுதிக் கேட்டிருந்தாள். தொண்டை அடைத்துவிட்டது என்று சொன்னால் கொஞ்ச நாளைக்காவது தப்பலாம். மகனுடைய பேரில், கொம்பியூட்டரில் ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்தினார். "அம்மா, எனக்குச் சரியான இறுமல். கதைக்கக் குரல் வருகுதில்லை. டிலக்ஷன்."

பின்னேரம் குணலட்சுமி கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து அதை வாசித்தாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு இருமலாம்."

"ஓ, அப்பிடியே?" என்றார் அருளம்பலம், சுருட்டை வாயிலிருந்து எடுக்காமல்.

"பிரான்சுக்குப் போய்த் தமிழும் மறந்துபோச்சு அவனுக்கு. இருமலுக்கு வல்லின 'று' போட்டிருக்கிறான்."

"குளிருக்கு விரல் விறைச்சிருக்கும்."

அவள் உடுவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் பெற்ற பிள்ளையையும் விடமாட்டாள்.

டிலக்ஷன் அவர்களுக்கு ஒரே பிள்ளை, கொம்பியூட்டர் படித்தவன். ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பிப் பிரான்சுக்கு வெளிக்கிட்டு இரண்டு வருஷமாகிறது. ஏதோ ஓர் எல்லைக் காட்டுக்குள் நின்று, "நாளைக்குக் கடந்திடுவம் அம்மா" என்று சொன்னதுதான் கடைசி. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஏஜென்சிக்காரனின் போனும் வேலை செய்யவில்லை.

போகமுதல் ஒரு பென்டிரைவைத் தாயின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதற்குள் ஒரு சேர்வரே முழுசாக இருந்தது. எந்தக் கொம்பியூட்டரில் சொருகினாலும் அவன் செய்த ஒரு பக்கம் திறக்கும். மேலே 'எங்கடை வீடு' என்ற தலைப்பு, கீழே ஆளுக்காள் எழுதுவதற்கு ஒரு பெட்டி. "அங்கை போய் இதை இன்ரநெற்றிலை ஏத்துவன் அம்மா. பிறகு நான் அங்கையிருந்து எழுத, நீங்கள் இஞ்சையிருந்து வாசிக்கலாம்" என்றான். முதல் வசனம் குணலட்சுமியின் காதில் ஏறவில்லை. இரண்டாவதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாள்தோறும் சொருகித் திறப்பாள். மேலே 'லோக்கல்ஹோஸ்ட்' என்று விழும். "லோக்கல் எண்டுதானே கிடக்கு, லோக்கல் கோல் மாதிரி. பிள்ளை கிட்டடியிலைதான் எங்கையோ நிக்கிறான்" என்பாள். பெட்டி வெறுமையாகவே கிடந்தது. ஒருநாள் திறப்பதை விட்டாள். சாப்பிடுவதையும் விட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் கூப்பிட்டாலும் திரும்பவில்லை.

அருளம்பலம் பயந்துபோனார். பென்டிரைவை மடிக்குள் செருகிக்கொண்டு, மானிப்பாயில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்த நிரோஜினியிடம் ஓடினார்.

அவள் போட்டுப் பார்த்தாள். "அங்கிள், இது பென்டிரைவுக்குள்ளையே ஓடுற சேர்வர். லோக்கல்ஹோஸ்ட் எண்டால் இந்தக் கொம்பியூட்டரேதான். சொருகின கொம்பியூட்டரை விட்டு ஒரு எழுத்தும் வெளியிலை போகாது. வெளியிலை இருந்தும் வராது. அதுக்கு முன்னாலை இருக்கிற ஆள்தான் எழுதலாம்."

அருளம்பலம் சண்டிலிப்பாய் வீடுவரை சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். இதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் படுத்தவள் எழும்பவே மாட்டாள். அடுத்தநாள், கொம்பியூட்டருக்கு முன்னால் அவரே இருந்தார்.

"இஞ்சாரும், ஒருக்கா எழும்பித் திறந்து பாருமன்" என்று பிறகு மனுஷியைக் கெஞ்சினார்.

"அம்மா நான் சுகம். டிலக்ஷன்" என்று இருந்தது. குணலட்சுமி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பிப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அருளம்பலம் குசினி வாசலில் நின்று, அவள் விழுங்குகிற ஒவ்வொரு வாயையும் பார்த்தார். அதற்குப் பிறகு அவரால் எழுதாமல் விடமுடியுமா?

ஆனால் இந்த இருமல் அவரைப் படாத பாடு படுத்திவிட்டது. குணலட்சுமியின் பதில் மறுநாளே வந்தது.

"மகன், உன்ரை இருமலுக்கு வைரவருக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். மாறுமட்டும் அப்பா சுருட்டுத் தொடமாட்டார்."

அருளம்பலம் புகையிலை நட்டே வயது போன மனுஷன். வாயில் சுருட்டில்லாமல் கண்ட வீட்டு நாயே அவரைப் பார்த்துக் குரைத்தது. தாங்குமட்டும் தாங்கிப் பார்த்தார். அந்தக் கிழமைக்குள்ளேயே டிலக்ஷனுக்கு இருமல் மாறிவிட்டது.

"இறுமல் சுகம் அம்மா. இனி அப்பா சுருட்டுக் குடிக்கலாம்."

"வைரவர் கைவிடேல்லை. மாறினால் அப்பா வீதிப் பிரதட்டை அடிப்பார் எண்டும் நேந்தனான். வாற வெள்ளி அடிப்பார்."

அந்த வெள்ளிக்கிழமை ஈரவேட்டியோடு கோயில் வீதி மணலில் அருளம்பலம் உருண்டார். வடக்கு வீதி திரும்பமுதல் இடுப்புப் பிடித்துக்கொண்டது. "என்ன பக்தி பார்!" என்று சனம் வியந்தது. குணலட்சுமி அவருடைய வேட்டியைச் சரிசெய்தபடி பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

"உருளுங்கோ. எங்கடை பிள்ளைக்காண்டித்தானே."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மணல் விழுந்துவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

இதற்கொரு முடிவு கட்டவேண்டும் என்று, எண்ணெய் பூசிய இடுப்போடு போய் இருந்து எழுதினார். "அம்மா, இனி எனக்கெண்டு நேராதேங்கோ. அப்பா பாவம்."

பதிலைப் பார்த்தபோது, இதைவிட இன்னொரு பிரதட்டை அடித்திருக்கலாம் என்று இருந்தது.

"அப்பா பாவமோ? இந்த வீட்டிலை உன்ரை பேரை அவர் ஒருநாள் எடுக்கிறேல்லை. நான் கதை எடுத்தால் மண்வெட்டியோடை தோட்டத்துக்குப் போயிடுவார். உன்னை மறந்திட்டார் போலை. நீ என்ன நினைக்கிறாய் மகன்?"

அவள் எழுதியதில் பொய் இல்லை. அவர் போவது தோட்டத்துக்குத்தான். தண்ணீர் இறைக்கிற மெசின் போடுகிற சத்தத்துக்குள் நின்று எவ்வளவு அழுதாலும் ஆருக்கும் கேட்காது.

குணலட்சுமி சங்கக்கடைக்குப் போன நேரம் பார்த்து அருளம்பலம் எழுத இருந்தார். இந்த முறை விரல் நிற்கவில்லை.

"அம்மா, அப்பா மறக்கேல்லை. உங்களுக்கு முன்னாலை அழப் பயத்திலை ஓடுறவர். நான் போட்ட பழைய சேட் ஒண்டு மெசின் கொட்டிலுக்குள்ளை தொங்குது. அதைத் தொட்டுப்போட்டுத்தான் அப்பா இறைப்புத் தொடங்குறவர். நான் உயிரோடை இருக்கிறனோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாமல் தினம் தினம் செத்துக்கொண்டிருக்கிறன் அம்மா…"

எழுதுவது தகப்பனா மகனா என்று அவருக்கே குழம்பிப்போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

படலை கிறீச்சிட்டது. அனுப்புகிற பொத்தான் எங்கே? கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை. பதறிப்போய்ப் பென்டிரைவையே பிடித்து இழுத்துவிட்டார். திரும்பச் சொருகினால் ஒன்றும் திறக்கவில்லை.

"பிள்ளை எழுதினவனோ?" என்றபடி குணலட்சுமி உள்ளே வந்தாள்.

"ஓம்… நீட்டுக்கு எழுதியிருந்தவன். இப்ப உது திறக்குதில்லை."

"நீங்கள் வாசிச்சனீங்கள்தானே? அப்பாவைப் பற்றி என்ன எழுதினவன்? சொல்லுங்கோவன்."

அருளம்பலம் பென்டிரைவைக் கழற்றி மடிக்குள் செருகினார். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திருத்திக்கொண்டு வாறன்" என்று சைக்கிளை எடுத்தார்.

நிரோஜினி என்னென்னவோ செய்து பென்டிரைவைத் திறந்துவிட்டாள். "பழசெல்லாம் இருக்கு அங்கிள். கடைசியா எழுதினதுதான் இல்லை. அனுப்பமுதல் இழுத்திருக்கிறியள்."

"அதுதானே பிள்ளை வேணும்! மற்றதெல்லாம் போனாலும் பரவாயில்லை."

"திருப்பி எழுதலாம்தானே?"

"ஏலாது பிள்ளை. எப்பிடி எழுதினனான் எண்டு எனக்கே தெரியாது." கடைக்கு ஆட்கள் வந்துபோவதையும் பாராமல் அருளம்பலம் அழுதார். "அவள் பாவம், ஒண்டும் தெரியாது. மகன்தான் எழுதுறான் எண்டு நம்பிக்கொண்டு வாசல்லை நிக்கிறாள். நான் போய் என்னத்தைச் சொல்லுறது?"

நிரோஜினி பென்டிரைவைக் கழற்றி அவருடைய கையில் வைத்தாள்.

"எழுதினதை வாயாலை சொல்லுங்கோ அங்கிள். இதுக்குள்ளை வெளியிலை இருந்து ஒண்டும் வராதெண்டு, நீங்கள் முதல்முதல் வந்ததுக்கு முந்தின கிழமையே அன்ரி வந்து என்னட்டைக் கேட்டு அறிஞ்சிட்டா."