போகாத ஊரின் சரித்திரம்

சரித்திர ஆசிரியர்களில் ஒரு வகையை மட்டும் எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் கண்டுகொள்ளவில்லை: பிள்ளை வேலை பார்க்கும் ஊரின் சரித்திரத்தைக் கரைத்துக் குடித்த தகப்பனார். அவர் அந்த ஊருக்குப் போய் வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். போய் வந்தவர்கள் குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். போகாதவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், எனக்கு வாய்த்தவர் ஊ விநாயகமூர்த்தி; 'ஊ' என்றால் இங்கே 'திருவாளர்'. மகன் சுந்தர் இருப்பது அமெரிக்காவில், பால்டிமோர் என்ற பழைய துறைமுக நகரத்தில். அங்கே மழை என்றால் இவர் இங்கே குடை எடுத்துக்கொண்டு கிளம்புவார். துறைமுகத்தை ஒட்டிய போட்டாதாங் பேட்டைத் தேநீர்க்கடையில் ஒரே ஒரு பால் தேநீருக்குச் சொல்லிவிட்டு, மேசையில் இலவசமாக வைக்கும் வெறுந்தேநீர்க் கெட்டில் மூன்று முறை காலியாகும்வரை, பால்டிமோர் 1729இல் உண்டானதையும், புகையிலை ஏற்றிப் பிழைத்ததையும், குடியேற வந்த ஜெர்மானியர்கள் கப்பலிலிருந்து இறங்கிய கையோடு ரயிலேறியதையும், 1904இல் பற்றிய தீ ஆயிரத்தைந்நூறு கட்டடங்களைத் தின்றதையும் ஒன்றுவிடாமல் சொல்வார். தீ என்றதும் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

"வெளியூருலேர்ந்து தீயணைக்கிற வண்டியெல்லாம் வந்துச்சு பாய். வந்து என்னா பிரயோஜனம்? அவங்க குழாய் எங்க குழாயில பொருந்தல!"

எங்க குழாய்! கவனித்தீர்களா?

எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த குடைக்கடை அமீர் அலி பொறுமைசாலி. "நம்ம தெருக் குழாயில நாலு நாளா தண்ணியே வரலண்ணே," என்றார்.

"அதெல்லாம் சரித்திரத்துல வராது பாய்."

போன ஞாயிற்றுக்கிழமை மாலை சுந்தரின் மகள் போனில் வந்தாள். ஒன்பது வயது. பள்ளியில் குடும்ப வரலாறு எழுதச் சொல்லியிருந்தார்களாம்.

"தாத்தா, உங்க அப்பா ரங்கூன் ஹார்பர்ல என்ன வேலை செஞ்சாங்க? எந்த இடத்துல? அஞ்சு வரி வேணும். நாளைக்குக் குடுக்கணும்."

"துறைமுகத்துல வேலை பார்த்தாங்கம்மா."

"அது ஒரு வரிதான்."

"பெரிய துறைமுகம்."

மறுமுனையில் பென்சில் எழுதவில்லை. மனிதர் பேச்சை மாற்றினார். "உங்க ஊரு தீயைப் பத்திச் சொல்லட்டுமா? அஞ்சு வரி என்னா, அம்பது வரி!"

"அது டீச்சருக்கே தெரியும், தாத்தா. உங்களுக்கு உங்க அப்பாவைத் தெரியாதா?"

அப்போது அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த மனைவி அம்சவேணி போனை வாங்கினார்.

"எழுதிக்கடி தங்கம். பதினாறு வயசுல பட்டணத்துல கப்பலேறுனாங்க. வழியெல்லாம் வாந்தி. போட்டாதாங் ஜெட்டியில, கப்பல் வந்து நிக்கிற துறையில, அரிசி மூட்டை தூக்குனாங்க. இடது தோள்ல தழும்பு இருந்துச்சு. கப்பல் ஊதுனா சோத்தைப் பாதியில விட்டுட்டு ஓடுவாங்க. அஞ்சு ஆச்சா?"

ஊ விநாயகமூர்த்தி தினமும் தேநீர் குடிக்கிற கடையிலிருந்து அந்த ஜெட்டி கூப்பிடு தூரம்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"மாமாவுக்குச் சோறு போடுறப்ப கேட்டேன், சொன்னாங்க. நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க. ரேடியோவுல லண்டன் செய்தி கேட்டுக்கிட்டு."

அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. நிஜமாகவே வெட்கப்பட்டார் என்று அம்சவேணியே என்னிடம் சொன்னார்.

வெட்கம் விடியும்வரை தாங்கியது. மறுநாள் காலை தேநீர்க்கடையில், இடது தோளை விட்டுவிட்டு வலது தோளைத் தொட்டுக் காட்டியபடி அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்த எடத்துலதான் தழும்பு. இந்த ஜெட்டியில தூக்குன மூட்டை. என்னாத்தச் சொல்ல பாய், நம்ம ஆளுங்க ஒருத்தனுக்கும் சொந்தச் சரித்திரம் தெரியல!"

நீங்கள் அப்படி இல்லை. சந்தோஷம். சரி, உங்கள் அப்பா முதன்முதலில் வேலைக்குப் போன இடம் எது? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். போனை ஏன் எடுக்கிறீர்கள்? அதில் இருக்காது. அடுப்படிப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள்.