கேட்டா தரமாட்டாகளா?

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் சாம்பல் நிற அணில் என்று ஓர் அபூர்வப் பிராணி இருக்கிறது. அது அழிந்துவிடக் கூடாதே என்று வேலி போட்டு, பலகை வைத்து, ஆள் போட்டுப் பாதுகாக்கிறார்கள். அதே அடிவாரத்தில், எவருடைய பாதுகாப்பும் இல்லாமல் தானாகவே செழித்துப் பெருகிவரும் இன்னொரு உயிரினத்தை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன். இதன் பெயர் செத்தநேரக்காரர். அடுத்தவர் வண்டியை, அடுத்தவரிடம் கேட்காமல், 'செத்த நேரம்', அதாவது கொஞ்சமே கொஞ்ச நேரம், எடுத்துப்போகிறவர்.

பார்த்ததில்லையா? அப்படியானால் உங்கள் வண்டி நிறுத்திய இடத்தில் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து மேலே படியுங்கள்.

இவரைத் திருடர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மனம் புண்படும். திருடன் ஒளிந்து வருவான். இவர் பட்டப்பகலில், பல் குத்திக்கொண்டே, வழியில் நாலு பேரிடம் சௌக்கியம் விசாரித்துக்கொண்டு வருவார். எங்கள் ராஜபாளையம் நாய்க்குப் பேர் போன ஊர். அந்த நாயும் இவரைக் கண்டால் வாலை ஆட்டும். சாவியை வண்டியிலேயே விட்டுவைப்பது எங்கள் தெருப் பழக்கம். செருப்பு மாட்டும் நேரத்தில் வண்டியை மாட்டிக்கொண்டு போய்விடுவார். திரும்பி வரும்போது பெட்ரோல் இருக்காது, கண்ணாடி அவர் முகம் பார்த்துத் திரும்பியிருக்கும், ஹாரனுக்குத் தொண்டை கட்டியிருக்கும். சரி, மன்னிப்புக் கேட்பாரா? கோபித்துக்கொள்வார்.

"என்ன அண்ணாச்சி, பிரேக்கே பிடிக்க மாட்டேங்குது? வண்டியப் பாத்து வைங்க. யாராச்சும் எடுத்துட்டுப் போய் விழுந்துறப் போறாக!"

மாதிரிக்கு எங்கள் தெரு ஹரிகிருஷ்ணனை எடுத்துக்கொள்வோம். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் தரமாட்டாரா?

பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் பேண்டேஜ் துணி ஆலையில் வேலை பார்ப்பவர். போன மாதம்தான் சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். ஆக்கியவர்கள் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்கள்: காலை ஷிஃப்டுக்கு மற்ற பெண்களுக்கு முன்னால் வந்து நிற்கவேண்டும், பிந்தினால் பதவி அடுத்தவளுக்கு. பஸ்ஸை நம்பினால் அது நடக்குமா? அதனால் ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். அந்த ஸ்கூட்டர்தான் ஒரு மத்தியானம் வாசலில் இருந்து காணாமல் போனது. அன்று சாயங்காலம் ஹரிகிருஷ்ணன் கால் கிலோ பால்கோவாவோடு வந்து, "ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன் மயினி, உங்க ஞாபகம் வந்துச்சு" என்று கொடுத்துவிட்டு, வண்டி போன துக்கத்தையும் விசாரித்துவிட்டுப் போனார். மறுநாள் காலை இசக்கியம்மாள் பஸ் பிடித்து, ஆலைக்குப் பிந்திப்போய் நின்றார்.

அவர் கணவர் இருளப்பசாமி, பூனைக்குட்டிக்கும் வழிவிட்டு நடக்கிறவர். அன்று புகார் கொடுக்கப் போகவேண்டியவர், போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஹரிகிருஷ்ணனுக்கு மனசு கேட்குமா?

"ஏறுங்க அண்ணாச்சி. நானே கூட்டிட்டுப் போறேன்."

ஒரு மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுபோனார். யார் மோட்டார் சைக்கிள் என்று இப்போது கேட்காதீர்கள்.

ஸ்டேஷனில் ஏட்டம்மா மாரிக்கனி பேனாவைத் திறப்பதற்குள் ஹரிகிருஷ்ணன் வாயைத் திறந்துவிட்டார்.

"இந்தக் களவாணிப் பயலுகளச் சும்மா விடக்கூடாது மேடம். கைய ஒடிக்கணும். அடுத்தவன் வண்டியில ஏறி உக்கார எப்படித்தான் மனசு வருதோ!"

நடிக்கிறார் என்றா நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை. ரத்தம் கொதித்துத்தான் பேசினார். வண்டி எடுத்ததை அவர் மறந்தே போயிருந்தார். விட்ட மூச்சை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

மாரிக்கனி வண்டி நம்பரைக் கேட்டுக் குறித்தார். செல்போனை எடுத்துத் தேடினார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பால்கோவா கடை முன்னால இந்த வண்டி அநாதையா நிக்குதாம். கடைக் கேமராவுல பதிவானத அந்த ஸ்டேஷன்ல இருந்து அனுப்பியிருக்காங்க. இந்த ஆளத் தெரியுதா பாருங்க."

படத்தில் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்துகிறார். பால்கோவா வாங்குகிறார். ஒரு கார் வந்து நிற்கிறது, உள்ளே சொந்தக்காரர்கள் போலிருக்கிறது, கையைக் காட்டிக் கூப்பிடுகிறார்கள். ஏறிப் போய்விடுகிறார். ஸ்கூட்டர் நிற்கிறது.

இருளப்பசாமி செல்போனைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். மறுபடி செல்போனைப் பார்த்தார்.

ஹரிகிருஷ்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இதுவா! இது நான்தான் மேடம். நான்கூட எவனோ களவாணின்னு பயந்துட்டேன்!"

"கேக்காம எடுத்தீங்களா?"

"செத்த நேரந்தானே மேடம். கேட்டா தரமாட்டாகளா?"

இங்கேதான் சட்டத்தின் விளையாட்டைப் பார்க்கவேண்டும். அமுக்கிக்கொள்ளும் எண்ணத்தோடு எடுத்தால் அது திருட்டு. அந்த எண்ணம் இல்லாமல், சும்மா கேட்காமல் எடுத்து ஓட்டினால் அதற்கென்றே மோட்டார் வாகனச் சட்டத்தில் நூற்றுத் தொண்ணூற்றேழு என்று தனிப் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே பிரிவு கடைசியில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது: கேட்டிருந்தால் உரிமையாளர் சம்மதித்திருப்பார் என்று நியாயமாக நம்பி எடுத்திருந்தால் தண்டனை இல்லை. அதாவது, எங்கள் ஹரிகிருஷ்ணன் ஒரு பக்கம்கூடப் படிக்காத சட்டத்தை இத்தனை காலமும் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து வந்திருக்கிறார்!

மாரிக்கனி இருளப்பசாமி பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

எங்கள் ஊரில் ஒரு மனிதனை இதைவிடக் கொடுமையாக யாரும் கேள்வி கேட்டுவிட முடியாது. முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்ல எங்களுக்கு வராது. 'பாப்போம்' என்போம், 'பொறவு வாங்க' என்போம், சாவியைக் காணோம் என்று அதே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தேடுவோம். இருளப்பசாமி மின்விசிறியைப் பார்த்தார். அதுவும் சுற்றவில்லை.

"கேட்டிருந்தா… குடுத்துத்தான் இருப்பேன்."

ஹரிகிருஷ்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"வண்டி யாரு பேர்ல இருக்குன்னு அவியகிட்டக் கேட்டீகளா மேடம்?"

வாசலில் இசக்கியம்மாள். ஆலையில் வாங்கிக் கட்டிக்கொண்டு, இன்னொரு நாள் பிந்தினால் பழைய தறிக்கே போகலாம் என்ற எச்சரிக்கையோடு நேராக வந்திருந்தார்.

"எம் பேர்ல இருக்கு. என்னையக் கேளுங்க. இல்ல, நீங்க வேண்டாம். அவரே கேக்கட்டும்."

ஹரிகிருஷ்ணன் எழுந்து நின்றார். எடுத்துப் பழகிய மனிதர், கேட்டுப் பழக்கமில்லை.

"மயினி… வண்டி… செத்த நேரம் குடுப்பியளா?"

"தரமாட்டேன்."

இருளப்பசாமி மனைவியை, கல்யாணத்தன்று பார்த்ததுபோல் பார்த்தார்.

"எழுதுங்க மேடம்" என்றார் இசக்கியம்மாள்.

"பால்கோவா தின்னியளே மயினி!"

"நல்லாத்தான் இருந்துச்சு. எம் வண்டியில வந்த பால்கோவாதானே? அதையும் எழுதிக்கிடுங்க."

மாரிக்கனி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தார். "வெளிய ஒரு மோட்டார் சைக்கிள் நிக்குதே, அது யாரோடது?"

"அது நம்ம வேல்பாண்டியோடது மேடம். கேட்டா தர…"

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அபராதம் போட்டார்கள், கட்டினார். இசக்கியம்மாள் தன் ஸ்கூட்டரில் இப்போது எல்லோருக்கும் முன்னால் ஆலைக்குப் போகிறார். சாவி இரவிலும் அவர் இடுப்பில். ஹரிகிருஷ்ணன் திருந்திவிட்டாரா? தீர்ப்பு முடிந்து வெளியே வந்தவர், வெயிலைப் பார்த்தார், பஸ் ஸ்டாண்டு இருக்கும் தூரத்தை நினைத்தார். மரத்தடியில் ஒரு வண்டி, சாவியோடு நின்றது. அவருடைய வக்கீலின் வண்டி. நமக்காக வாதாடிய மனுஷன், கேட்டால் தரமாட்டாரா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். நீங்கள் அந்த ரகம் இல்லைதான். ஆனாலும் பக்கத்தைத் திருப்பும் முன் ஒரு சின்ன விசாரணை. கையில் பிடித்திருக்கிறீர்களே இந்தப் புத்தகம், இதன் முதல் பக்கத்தில் எழுதியிருப்பது உங்கள் பெயர்தானா?