டிக்கியில் ஒரு மருமகன்

மாமியார் பேருந்தை விட்டு இறங்கியபோது கயோங்கோ காருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு ஒளிந்திருந்தான். எல்லாம் மரியாதைதான்.

எங்கள் பகாண்டா ஜனங்களில் மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது, ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. மீறினால் கைகால் நடுக்கம் வரும். வந்தால் லேசில் போகாது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் கயோங்கோ மாமியாரின் முகத்தைப் பார்த்ததில்லை. பெயரைக்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

“அராலி, பச்சை அங்கி, வாழைக்காய்க் கூடை. யாராவது இறங்குறாங்களா பாரு.”

“பாதி பஸ் வாழைக்காய்க் கூடையோடதாண்ணே இறங்குது,” என்றான் டிரைவர் அராலி. அவன் இந்த ஃபோர்ட் போர்ட்டல் ஊரிலேயே பிறந்தவன். அவன் ஜனங்களில் இத்தனை கெடுபிடி கிடையாது. “ஆங், பச்சை அங்கி ஒண்ணு நிக்குது. என்ன சொல்லட்டும்?”

“மருமகன் வந்திருக்காருன்னு சொல்லு. போதும்.”

சொன்னான். அந்த அம்மாள் சட்டென்று முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவி நலுபேகா போன் செய்தாள். “ஏங்க, அம்மாவுக்குப் போட்ட கட்டில் மேல கூரை ஒழுகுதுங்க! ஆளை வரச் சொல்லியிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் வீட்டுப் பக்கம் கூட்டிட்டு வந்துடாதீங்க. ஊரைச் சுத்திக் காட்டுங்க.”

“இந்த மழையிலயா?”

“ஒழுகுறதைப் பார்த்தாங்கன்னா ஞாயித்துக்கிழமை திரும்பும்போது என்னையும் பிரசவத்துக்கு எங்க ஊர் மசாக்காவுக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் உங்க இஷ்டம்!”

கயோங்கோவுக்கு இது பிழைக்க வந்த ஊர்தான், ஆனால் முதல் பிள்ளை இங்கேதான் பிறக்க வேண்டும், பிறந்ததும் தன் கையில் வாங்க வேண்டும் என்று கிடையாய்க் கிடந்தான். மசாக்காவில் பிறந்தால் மாமியார் இருக்கும் வீட்டுக்குள் அவன் காலை வைக்க முடியுமா? பிள்ளையைப் பார்க்கவே மாதக் கணக்காகிவிடும்.

சரி, சுற்றிக் காட்டுவோம். ஆனால் காருக்கும் கூரை இருக்கிறதே! ஒரு வாடகை பைக்கைப் பிடித்துப் பின்னால் உட்கார்ந்து, காருக்கு முன்னால் போனான். மலை, தேயிலைத் தோட்டம் என்று குடையை நீட்டி நீட்டிக் காட்டினான். மலையை மேகம் விழுங்கியிருந்தது. குடை ஒரு காற்றில் மல்லாந்தது. சட்டைப் பையில் இருந்த போன் தண்ணீர் குடித்துச் செத்தது.

அராலி ஹாரன் அடித்து நிறுத்தினான். “அண்ணே, அம்மா கேக்குறாங்க, முன்னாடி ஒருத்தன் குடையை ஆட்டிக்கிட்டே போறானே, அவனுக்கு மூளை கீளை பிசகிடுச்சான்னு.”

“அது நான்தான்னு சொல்லாதே!”

யோசித்தான். டிக்கி! அதற்கு மூடிதானே உண்டு, கூரை ஏது? மூடியைத் தூக்கிக் கட்டிவிட்டு, பின்பக்கம் பார்த்துக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான்.

“வலது பக்கம் பாருங்க, அரண்மனை!” என்று கத்தினான்.

“அம்மா மாட்டுக் கொட்டாய்தான் தெரியுதுங்கறாங்க,” என்று அராலி முன்னாலிருந்து கத்தினான். “உங்க கண்ணுல படும்போது எங்களுக்குத் தாண்டிப் போயிடுதுண்ணே!”

“அப்ப வண்டியைத் திருப்பு!”

திருப்பியதும் வலது இடதாகிவிட்டது. அந்த அம்மாள் மறுபடியும் அதே மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார்.

“அண்ணே, குடியை விட்டாச்சான்னு கேக்குறாங்க.”

“குடியா? நான் எப்படா குடிச்சேன்?”

“அதையே சொல்லிடவா?”

மாமியாரிடம் வாதாடி எவன் உருப்பட்டான்? “வேணாம், விட்டாச்சுன்னு சொல்லு.”

“ரொம்ப சந்தோசமாம். எப்ப விட்டீங்கன்னு கேக்குறாங்க.”

“இன்னைக்குக் காலைலதான்னு சொல்லித் தொலை!”

“ரெட்டைப் பிள்ளைக்குத் தகப்பன், இனிமேலாவது நல்லா இருக்கட்டும்ங்கறாங்க.”

ஸ்கேனில் ஒரு பிள்ளைதான் தெரிந்தது. பெரியவங்க வாயால் வருகிறது, இரட்டையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று கயோங்கோ பூரித்துப்போனான்.

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அங்கே இருந்தது ஒரே ஒரு ஓலைக் கொட்டகை. அந்த அம்மாளும் அராலியும் அதற்குள் உட்கார்ந்து சுட்ட சோளம் கடித்தார்கள். கயோங்கோ வெளியே ஒரு வாழை இலையைத் தலையில் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றான். கொஞ்ச நேரத்தில் பல் கிட்டித்தது. கை ஆடியது, கால் ஆடியது, வாழை இலை படபடவென்று அடித்துக்கொண்டது.

“ஐயையோ!” என்று அந்த அம்மாள் அலறினார். “மருமகனுக்கு நடுக்கம் வந்துடுச்சே! நான் எப்ப அவரைத் தொட்டேன்?”

“அம்மா, அது குளிரும்மா!”

“குளிருக்கு யாராவது இப்படி ஆடுவாங்களா? உள்ள வரச் சொல்லு!”

“உள்ள வந்தா நிஜமாவே நடுக்கம் வந்துடுமாம்மா!”

அந்த அம்மாள் கொட்டகைத் தூணில் சாய்ந்து விசும்பினார். “எனக்காக இப்படி நனையுற பிள்ளையைப் போயி என்னென்ன ஏசிட்டேன்! பொண்ணைக் கையோட கூட்டிட்டுப் போகணும்னுதான் வந்தேன். வேணாம். அவ இங்கயே இருக்கட்டும். போய்ச் சொல்லு.”

கயோங்கோ ஒரு குதி குதித்தான். சேற்றில் வழுக்கி, இலையும் அவனுமாக ஏரிக்கரைச் சரிவில் பாதி தூரம் போனான். பரவாயில்லை. பிள்ளை இங்கேதான் பிறக்கப்போகிறது!

சாயங்காலம் வீடு வந்தார்கள். அவன் வாசலுக்கு எதிரே இருந்த வெண்ணெய்ப்பழ மரத்தடியில் ஒதுங்கிக்கொள்ள, அராலி குடை பிடித்து அந்த அம்மாளை உள்ளே கொண்டுபோய் விட்டான். உள்ளே பெண்கள் குரல் கேட்டது.

அராலி மெதுவாக நடந்து வந்தான். குடையைக்கூட விரிக்கவில்லை.

“என்னடா, ஒழுகுறதை அடைச்சாச்சா?” என்றான் கயோங்கோ பல்லெல்லாம் தெரிய.

“இல்லண்ணே. அண்ணியோட அம்மா நாம கிளம்பின கையோட பஸ் ஸ்டாண்டுலேருந்து பைக் புடிச்சு வந்து, அந்த ஒழுகுற கட்டில்லதான் சட்டியை ஏந்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. நாம ஊரெல்லாம் சுத்திக் காட்டினது யாரோட மாமியாருக்குன்னு அண்ணி கேக்குறாங்க.”