லோரியான்காரரும் துலுக்காத ஆடும்

ஒரு மொழியை அரைகுறையாகத் தெரிந்தவனைவிட, அறவே தெரியாதவன் எவ்வளவோ மேல். தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

புதுச்சேரியில் மாமாவின் நூல் கடையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு மல்லசமுத்திரம் திரும்பியிருந்தேன். பிரெஞ்சில் எனக்கு விலை சொல்லத் தெரியும், விலையைக் குறைக்க மறுக்கத் தெரியும். (இதை வைத்துக்கொண்டு ஊரில் நான் செய்த அலப்பறைக்கு அளவே இல்லை.) ஆகவே சேலத்துப் பாதிரியார் ஒருவர் தம்மிடம் வந்த ஒரு பிரெஞ்சுக்காரருக்கு மொழிபெயர்க்க ஆள் தேடியபோது, ஊரே என்னைக் கை காட்டியது.

வந்திருந்த வெள்ளைக்காரக் கிழவரின் பெயர் கெர்மெல். பிரான்சில் லோரியான் என்ற துறைமுக ஊர்க்காரர். அந்தப் பெயருக்கே கிழக்கு என்றுதான் பொருளாம். கிழக்கே கப்பல் விடுவதற்கென்று உண்டான ஊர். பழைய நாளில் புதுச்சேரிக்குக் குடியேற வந்தவர்கள் பலர் அங்கேதான் கப்பலேறினார்கள். கெர்மெலின் மூதாதை ஒருவரும் அப்படி வந்து, பிறகு ஏதோ படையோடு உள்நாட்டுக்குள் நுழைந்து, ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் காவேரிக் கரையில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார்.

லோரியானில் அவர்கள் குடும்பக் கல்லறையில் இரண்டு பேருக்குப் பெயர் மட்டும்தான் உண்டு, உடல் இல்லை. ஒருவர் இந்த மூதாதை. இன்னொருவன் கெர்மெலின் ஒரே மகன். பெரிய யுத்தத்துக்குப் போனவன், எலும்புகூடக் கிடைக்கவில்லை.

"மகன் எந்த மண்ணில் கிடக்கிறான் என்று தெரியாது. இவர் கிடக்கும் இடமாவது தெரிகிறது. ஒரு பிடி மண் கிடைத்தால் போதும்" என்றார் கிழவர். அந்தப் பிரெஞ்சு மட்டும் எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது.

ஆனால் கரையோரத்து ஊருக்கு அந்த மூதாதையின் சமாதிதான் தொரைச்சாமி கோயில். சுருட்டும் சாராயமும் படையல். (சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வருவதற்கு முன்னால் நடந்தது இது, சாமிக்கு அப்போது ஒரு குறையும் இல்லை.) காய்ச்சலில் செத்தவரிடம்தான் காய்ச்சல் கண்ட குழந்தைகளைக் கொண்டுவந்து கிடத்துவார்கள்.

"மண்ணெடுக்கோணும்னா சாமியக் கேக்கோணுமுங்க. ஆடு துலுக்குச்சுன்னா தாராளமா எடுத்துக்குங்க" என்றார் பூசாரி பழனியப்பன். ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உலுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது, ஆட்டை வெட்டலாம். உலுக்காவிட்டால் சம்மதமில்லை. சந்தையில் நானே ஒரு கிடாயைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

"நீங்களே கேளுங்க சாமி. தொரை பாசை தெரிஞ்சவரு" என்று பூசாரி எனக்கு வழி விட்டார். ஊரே கூடியிருந்தது. ஒரு பிடி மண் கேட்க எத்தனை சொல் வேண்டும்? எனக்குப் போதவில்லை. முதலில் நூல் கடைப் பிரெஞ்சிலும் பிறகு தமிழிலும் கையை விரித்து முழங்கினேன்.

"தொரைச்சாமி! உன் வம்சம் கடல் தாண்டி உன்னை அழைக்க வந்திருக்கிறது! இந்த ஊரை விட்டு உன் சொந்த ஊருக்குப் புறப்படு!"

பூசாரியின் முகம் கறுத்துவிட்டது. தண்ணீர் தெளித்தார். ஆடு நின்றது. காதில் தெளித்தார், முதுகில் தெளித்தார், கடைசியில் செம்போடு கவிழ்த்தார். ஈ உட்கார்ந்தாலே உலுக்குகிற பிராணி, சொட்டச் சொட்ட நனைந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

இடுப்பில் காய்ச்சல் குழந்தையோடு நின்ற செல்லாயி என்ற பெண் அழுதேவிட்டாள். "எஞ்சாமி எங்கள உட்டுப்போட்டுப் போவலீங்க!" பெண்கள் குலவையிட்டார்கள்.

"ஒரு பிடி மண்ணுதானுங்க வேணும்" என்றேன் பூசாரியிடம்.

"அத மொதல்லயே கேட்டிருக்கோணுமுங்க. நீங்க சாமியவே கூப்புட்டுப்போட்டீங்க. அவரு வரலைன்னு சொல்லிப்போட்டாரு. இனி ஒரு துளி மண்ணு எல்லையத் தாண்டப்படாதுங்க."

"இன்னொருக்கா கேட்டுப் பாக்கலாமுங்களா?"

"சாமி சொன்னதப் பொய்யாக்கச் சொல்றீங்களா?"

கெர்மெலிடம், சாமிக்கு வர மனமில்லை என்று மட்டும் சொன்னேன். "அங்கே அவருக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?" என்றார் அவர்.

ஊர் எல்லையில் செல்லாயி ஒரு குடம் தண்ணீரோடு நின்றிருந்தாள். கோயிலுக்காக நான்தான் கிழவரின் பூட்ஸைக் கழற்ற வைத்திருந்தேன். அவள் உட்கார்ந்து அவருடைய வெறுங்காலை விரல் இடுக்கு விடாமல் தேய்த்துக் கழுவினாள், ஒரு துளி மண்ணும் போய்விடக் கூடாதென்று.

"உங்கள் நாட்டில் விருந்தாளியை இப்படியா வழியனுப்புவார்கள்?" என்று கேட்டார் கெர்மெல். கண் கலங்கியிருந்தது.

"ஆமாம், மரியாதை" என்றேன். அவர் செல்லாயியைக் கும்பிட்டுவிட்டு வண்டியேறினார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

துலுக்காத ஆட்டை வெட்டவும் கூடாது, விற்கவும் கூடாது என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். அதை இழுத்துக்கொண்டு ராத்திரி வீடு வந்து, வழக்கம்போல வாசலில் காலைக் கழுவினேன். கணுக்கால் வரை அப்பியிருந்த காவேரி வண்டல் கரைந்து சாக்கடைக்குள் ஓடியது. பாதி ஓடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லையில் என் காலை யாருமே கழுவவில்லை. மிச்சத்தை வழித்து எடுத்துக்கொண்டு விடிந்ததும் சேலத்துக்கு ஓடினேன். கெர்மெலின் ரயில் போய்விட்டிருந்தது.

ஆடு எங்கள் வீட்டிலேயே கிழடாகிச் செத்தது. இன்றைக்கும் கல்யாண வீட்டில் நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தால், என் மனைவி பந்தலுக்கே கேட்கும்படி சொல்வாள்: "ஏனுங்க, ஒரு பிடி மண்ணு போதுமுங்க!" எல்லோரும் சிரிப்பார்கள். நான் உட்கார்ந்துவிடுவேன்.