ஆடி ஞாயிறும் பிஸ்டன் பம்புக் கணக்கும்

பெரியபாளையம் சம்பந்தி சுப்பராயன் அவர்களுக்கு, தேர்வாய் கண்டிகை கம்பெனியில் பம்பு சூப்பர்வைசராக இருக்கும் மணவாளன் கைகூப்பி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்க எனக்கு முகமில்லை. போன் பேசவும் வெட்கமாக இருப்பதால், இதை எங்கள் வேன் டிரைவர் பென்னியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பவானியம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்ட வரும் ஜனங்கள் குளிப்பதற்காக வீட்டை ஒட்டி நீங்கள் குளியலறைகள் கட்டியபோது, எந்த அளவு பிஸ்டன் பம்பு வாங்கலாம் என்று ஊரில் விசாரித்துக்கொண்டிருந்தீர்கள். மறுவீட்டு விருந்துக்கு வந்த நான்தான் பாயசக் கையோடு நடுவே புகுந்து, "அது நம்ம வேலை சம்பந்தி" என்று மார்தட்டி, வெற்றிலை மடித்த காகிதத்திலேயே கணக்குப் போட்டு, சின்ன பம்பே போதும், தொட்டி வழியும் என்று அடித்துச் சொன்னேன். நேற்று எங்கள் கம்பெனி கேண்டீனில் வேலை செய்யும் கன்னியம்மா, நாலு பேர் முன்னால், "சார், ஞாயித்துக்கெழம உங்க சம்பந்தி ஊட்லதான் குளிக்கப் போனேன். தலை நெறைய சீயக்காயோட நின்னுக்கினு இருக்கேன், பைப்புல காத்துதான் வருது. ஒரே பேஜாராப் பூட்ச்சு" என்றாள். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து கணக்கை மறுபடி போட்டேன். பிஸ்டன் ஒரு தடவை போய் வந்தால் எவ்வளவு தண்ணீரைத் தள்ளும் என்று பார்க்க, சிலிண்டர் வாயின் அகலத்தில் பாதியை எடுத்து, அதை அதாலேயே பெருக்க வேண்டும். நான் முழு அகலத்தையும் அப்படிப் பெருக்கித் தொலைத்திருக்கிறேன். ஒரு குடம் தண்ணீர் என் காகிதத்தில் நாலு குடமாகிவிட்டது. சம்பளம் வாங்குவதே பம்பைப் பார்த்துக்கொள்ளத்தான் சம்பந்தி. வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

பூமிகா உங்கள் வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "உங்கப்பன் போட்ட கணக்கு" என்று யாரும் அவளைக் குத்திக்காட்டிவிடக் கூடாது. திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். இனி உங்கள் வீட்டில் சாப்பிட மட்டும்தான் வாயைத் திறப்பேன். இது சத்தியம்.

எங்கள் தெரு அம்மன் குங்குமத்தை இதில் மடித்து வைத்திருக்கிறேன். அவள் உங்கள் குடும்பத்தையும் குழாய்களையும் வற்றாமல் காக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

தலைகுனிந்து,
மணவாளன்

பின்குறிப்பு (உறையின் மேல் எழுதியது): ஒட்டிய பிறகு, கேண்டீன் சேதி காதில் விழுந்து பூமிகா போன் செய்தாள். "நைனா, நீ அகலத்தப் பாதியாக்க மறந்துட்டத நான் அன்னிக்கே பாத்துட்டேன். நைனா மாத்திச் சொல்லிட்டாருன்னு சொல்லி, பெரிய பம்பே வாங்க வெச்சிட்டேன். மாமா இன்னும் உன் கணக்கப் பத்திதான் பெருமையாப் பேசிக்கினு இருக்காரு. ஞாயித்துக்கெழம கரண்ட்டு பூட்ச்சு, அவ்ளோதான். நீ வாயத் தொறக்காம இரு." உள்ளே குங்குமம் இருப்பதால் கிழித்துப்போட மனம் வரவில்லை. பென்னி வேறு ஹாரன் அடிக்கிறான். ஆகவே சம்பந்தி, உறையைப் பூமிகாவே பிரிக்கட்டும். நான் வாயைத் திறக்கவில்லை.