ஏஞ்சல் மீன் பிடிக்கக் கடலில் இறங்கிய கோதண்டம்

கடலில் குதித்து, தன் கையாலேயே ஒரு ஏஞ்சல் மீனைப் பிடித்துவந்து வீட்டுத் தொட்டியில் விடப்போவதாகக் கள்ளிக்குப்பம் கோதண்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தார். அறிவித்த இடம் தெருமுனை. கையில் பால் பாக்கெட். எதிரே பக்கத்து வீட்டு இராமகிருஷ்ணன். சுற்றிலும் நாலைந்து பேர்.

இராமகிருஷ்ணன் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸிலேயே காலத்தை ஓட்டி, ஓய்வுபெற்ற பிறகு கள்ளிக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். அவர் வீட்டு ஹாலில் உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதில் ஒரே ஒரு ஏஞ்சல் மீன். காப்பிப்பொடி நிறத்தில் உடம்பு. அதன்மேல் யாரோ நீல மையால் வளைத்து வளைத்துக் கோடு இழுத்த மாதிரி இருக்கும். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

கோதண்டத்துக்குத் தாங்கவில்லை. அவரும் ஒரு தொட்டி வாங்கினார். ஒரு ஏஞ்சலும் வாங்கினார். கடல் தண்ணீர் என்றால் உப்புத் தண்ணீர்தானே என்று சமையலறையிலிருந்து கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி, அதில் மீனை விட்டார். மறுநாள் காலையில் மீன் மல்லாந்து மிதந்தது. மனைவி பூங்காவனம் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உப்பு கரெக்டா கீது. மஞ்சத்தூளும் புளியும்தான் கொறையுது" என்றாள்.

அந்தச் சாவுக்குத்தான் தெருமுனையில் துக்க விசாரிப்பு.

"ஏனுங்க கோதண்டம், இது என்ன கப்பி மீனுங்களா, சட்டிக்குள்ள குட்டி போடறதுக்கு?" என்றார் இராமகிருஷ்ணன். "ஏஞ்சலுன்னா கடல்ல புடிக்கறதுதானுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தன் முங்கி, பாறைச் சந்துல தேடிப் புடிச்சுட்டு வரோணும். பக்குவமா வெச்சுக்கோணுமுங்க."

"அப்போ புடிச்சவன் சரியாப் புடிக்கல. அதான் பூட்ச்சு" என்றார் கோதண்டம். "நானே போய்ப் புடிக்கறேன்."

"உங்களுக்கு நீச்சல் வருமுங்களா?"

"இன்னா நைனா இப்டிக் கேட்டுட்ட. அம்பத்தூர் ஏரிய இந்தக் கரைலேர்ந்து அந்தக் கரைக்குத் தாண்டினவன் நானு."

தாண்டியது உண்மைதான். ஏரி வற்றிக் கிடந்த ஒரு மே மாதத்தில், செருப்புப் போட்டுக்கொண்டு.

இவ்வளவு தைரியமாக அவர் அறிவித்ததற்குக் காரணம் உண்டு. இதற்கு முன்னால் பைக்கிலேயே லடாக் போவதாக அறிவித்திருக்கிறார். குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்பதாக அறிவித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் பூங்காவனம், "அதெல்லாம் ஒண்ணும் வோணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். மறுநாள் கோதண்டம் தெருவில் பெருமூச்சு விடுவார். நான் ரெடிதான், அவ உட்டாத்தான என்பார். லடாக் போகாமலே லடாக் போனவனுக்குரிய மரியாதை கிடைத்துவிடும். அவருடைய வீரம் முழுக்க அவளுடைய மறுப்பை நம்பித்தான் நடந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குள் வந்தார். பூங்காவனம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மே, நான் கடல்ல குதிக்கப் போறேன்."

"எப்போ?"

"எதுக்குன்னு கேளுமே. மீனு புடிக்க. அடில போயி."

"சரி, போய்ட்டு வாங்க."

கோதண்டம் காதைக் குடைந்துகொண்டார்.

"கடல்ல சுறா கீது."

"இருக்கட்டும். அதுக்கு ஊடு அதான."

"ஆழம் இன்னான்னே தெரியாது."

"எறங்கினா தெரிஞ்சுடும்."

"நான் திரும்பி வர்லன்னா?"

பூங்காவனம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "தோச மாவு மிஞ்சிப் போவும். முன்னாடியே சொல்லிடுங்க, கம்மியா அரைக்கறேன்."

"பொஞ்சாதி பேசற பேச்சாமே இது? வோணாம்னு ஒரு வார்த்த வருதா வாயில?"

"எத்தினி தபா வோணாம் வோணாம்னு சொல்லி உங்க ஆசயக் கெடுத்துட்டேன். இந்தத் தபா குறுக்க நிக்க மாட்டேன்." கீரைத் தண்டை ஒடித்தாள். "ஒண்ணே ஒண்ணு. நீங்க ஏரி தாண்டி ரொம்ப வருசமாச்சு. நீச்சல் கொளத்துல சேந்து ரெண்டு மூணு மாசம் பழகிக்கினு போங்க."

கோதண்டத்துக்கு மூச்சு வந்தது. மூன்று மாதத்தில் தெரு மறந்துவிடும். நாட்டில் எவ்வளவோ நடக்கிறது. "நீ சொல்றதுக்காகத்தான்" என்று பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார்.

நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவர் ராஜகுமாரி மேடம். கழுத்தில் விசில், கண்ணில் கருணையே கிடையாது.

"நீச்சல் தெரியும் மேடம். சொம்மா டச்சு உட்டுப்போச்சு, அவ்ளோதான்."

"உங்க வீட்ல வந்து எல்லாம் சொல்லிட்டாங்க சார். மூக்கப் புடிச்சுத் தண்ணிக்குள்ள தலைய முக்கறதுலேர்ந்து ஆரம்பிக்கணும்னாங்க. அந்தப் பசங்களோட போய் நில்லுங்க."

அந்தப் பசங்களில் மூத்தவருக்கு ஏழு வயது. மஞ்சள் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கோதண்டமும் வரிசையில் நின்று காலை உதைத்தார். முதல் வாரம் அவர் குடித்த தண்ணீரில் குளத்தின் மட்டம் குறைந்திருக்கும். காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தார். பூங்காவனம் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, துணிப்பையைக் கையில் கொடுத்தாள். முதுகு பிடித்துக்கொண்டது என்றார். தைலம் தேய்த்து அனுப்பிவைத்தாள். தெருவும் மறக்கவில்லை. மறக்கப் பார்த்தவர்களுக்கெல்லாம் பூங்காவனம் காய்கறி வண்டிக்கிட்டே நின்று ஞாபகப்படுத்தினாள். "எங்கூட்டுக்காரு கடலுக்கு ரெடியாயிக்கினு கீறாரு" என்று பெருமையாகச் சொன்னாள்.

இதற்கிடையில் சில சங்கதிகள் அவர் அறியாமலே நடந்தன. உடம்பு ஒருநாள் தண்ணீரில் தானாக மிதந்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. சர்க்கரை மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்தார். சர்க்கரை பார்க்கும் கருவியில் கோளாறு என்று கோதண்டம் நினைத்துக்கொண்டார். இராமகிருஷ்ணன் வேறு வந்து, தொட்டிக்கென்றே விற்கும் உப்பைக் கலந்து, தண்ணீரைச் சரியாகப் பழக்கி வைத்துவிட்டுப் போனார். தப்பிக்க இருந்த ஒவ்வொரு வழியையும் யாராவது ஒருவர் அன்போடு அடைத்தார்.

நாள் வந்தது. கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் செல்வகுமார் என்பவரைப் பூங்காவனமே போனில் பேசி ஏற்பாடு செய்திருந்தாள். கடலில் முங்கி அழகு மீன் பிடித்து, வளர்ப்பவர்களுக்குக் கொடுப்பதுதான் அவர் தொழில். பூங்காவனமும் கூடவே கிளம்பினாள். என்றைக்கும் சேலை கட்டுகிறவள் அன்று மகளுடைய பழைய சுடிதாரைப் போட்டிருந்தாள். படகில் ஏற வசதி என்றாள்.

கரைக்குப் பக்கத்தில் ஒரு பாறைத் திட்டு. படகை நிறுத்திவிட்டுச் செல்வகுமார் கண்ணாடியையும் மூச்சுக் குழாயையும் மாட்டிவிட்டு, ஒரு கைவலையைக் கையில் கொடுத்தார்.

"தொரத்தக் கூடாதுண்ணே. தொரத்தினா சந்துல பூந்துக்கும், அப்புறம் வராது. நான் அந்தாண்ட வலையக் கட்டிட்டு, குச்சிய வச்சு மெல்ல ஓட்டிக்கினு வருவேன். நீங்க கைவலையப் புடிச்சுகினு இந்தாண்ட சொம்மா இருங்க. அதுவா வரும்."

"எவ்ளோ ஆழம் தம்பி?"

"ரெண்டு ஆளு இருக்கும்."

கோதண்டம் வானத்தைப் பார்த்தார். "மேகம் ஒரு மாரி கீதேமே. இன்னொரு நாளு..."

பூங்காவனம் அவர் முதுகில் கையை வைத்தாள். அது தடவலா தள்ளலா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த கணம் அவர் கடலில் இருந்தார்.

வாய் முழுக்க உப்பு. காதுக்குள் இரைச்சல். கையும் காலும் நாலு திசைக்கு அடித்துக்கொண்டன. செத்தோம் என்றே நினைத்தார். அப்போது ராஜகுமாரி மேடத்தின் அதட்டல் தலைக்குள் கேட்டது: உதறாதீங்க சார், உடம்ப விடுங்க, தண்ணி தாங்கும். விட்டார். தாங்கியது. மூச்சுக் குழாயில் காற்று வந்தது. முகத்தைக் கவிழ்த்துக் கீழே பார்த்தார்.

அவருக்குக் கீழே ஒரு ஊரே இருந்தது. பாறை முழுக்க ஊதாவும் ஆரஞ்சுமாக என்னென்னவோ அசைந்துகொண்டிருந்தன. கூட்டம் கூட்டமாக மீன்கள் எங்கேயோ வேலைக்குப் போவது போலப் போயின. ஒருவரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. அந்தப் பக்கம் இறங்கிவிட்டிருந்த செல்வகுமாரின் குச்சி ஒரு சந்தில் மெல்லத் தட்டியது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஏஞ்சல் வெளியே வந்தது. நீலக் கோடுகள் வெயிலில் மின்ன, கொஞ்சமும் அவசரமில்லாமல், தேர் திரும்புகிற மாதிரி திரும்பியது. கோதண்டம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கீழே போனார். எப்படிப் போனோம் என்று அவருக்கே தெரியாது. கைவலையை நீட்டிக்கொண்டு சும்மா இருந்தார். அது அதுவாக வந்து உள்ளே நுழைந்தது.

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினார்.

"புடிச்சிட்டேன்மே" என்றார், யாருக்கும் கேட்காத அளவுக்கு மெதுவாக.

"பாத்தேன்" என்றாள் பூங்காவனம். மீனைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் படகில் ஏறி உட்கார்ந்ததும், கண்ணாடியை வாங்கித் தன் முகத்தில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கைவலையை எடுத்துக்கொண்டாள். "தோ, நானும் ஒருவாட்டி எறங்கிட்டு வரேன்."

"ஏமே, உனக்கு நீச்சலே..." என்பதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

"தம்பி, புடிப்பா அவள. அவளுக்கு நீச்சல் தெரியாதுப்பா."

"யாருக்கு? உங்களவிட சோக்கா நீந்தறாங்களேண்ணே" என்றார் செல்வகுமார்.

பாறையைச் சுற்றிவிட்டு, கரைப்பக்கம் ஆழமில்லாத இடத்தில் கொஞ்ச நேரம் துழாவிவிட்டு வந்தாள். அவள் வலையில் கட்டைவிரல் அளவு ஒரு குட்டி மீன். கருநீல உடம்பில் வெள்ளை வரிகள்.

"இதுவும் அதே ஏஞ்சல்தான்கா. குட்டி. வளர வளர நெறம் மாறும்" என்றார் செல்வகுமார்.

கோதண்டம் மீனைப் பார்க்கவில்லை. "எப்போமே கத்துக்கின?"

"உங்களுக்கு மூணு மாசம் முன்னாடி. லேடீஸ் பேட்ச்."

"எதுக்கு?"

பூங்காவனம் முடியைப் பிழிந்தாள். "டாக்டரு ரெண்டு வருசமா தண்ணில எறங்கச் சொல்லிக்கினு கீறாரு. நான் சொன்னா நீங்க எறங்குவீங்களா? நீங்களா வாயக் குடுத்து மாட்டிக்கினாத்தான் உண்டு. அது எப்டியும் நடக்கும்னு தெரியும். எறங்கினப்புறம் நீங்க முழுவினா தூக்கறதுக்கு ஒரு ஆளு வோணும்ல?"

கோதண்டத்தின் கண்ணில் உப்புத்தண்ணீர். கடலுடையது என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. மஞ்சள் பலகை, தைலம், காய்கறி வண்டி, முதுகில் வைத்த கை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தன. கோபம் வரும் என்று காத்திருந்து பார்த்தார். வரவில்லை.

"ரொம்ப டேங்க்ஸ்மே" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன முதல் நன்றி.

பூங்காவனம் தூக்குச் சட்டியைத் திறந்து புளிசாதம் எடுத்துக் கொடுத்தாள்.

கரை திரும்புமுன் செல்வகுமார் ஒரு சிக்கலைச் சொன்னார். "ஒரு தொட்டிக்கு ஒரு ஏஞ்சல்தாண்ணே. ரெண்டு இருந்தா ஒண்ணையொண்ணு கொதறிடும். உங்களுது பெருசு. கடல்லயே வளந்தது, தொட்டில தீனி எடுக்காது. அக்காவுது குட்டி, பழகிக்கும்."

கோதண்டம் படகோரம் தண்ணீரில் கிடந்த தன் வலைக்குள் இருந்ததை ஒரு நிமிஷம் பார்த்தார். அவர் வாழ்க்கையில் சொன்னபடி செய்து முடித்த ஒரே காரியம் அது. வலையைத் தண்ணீரில் கவிழ்த்தார். "போ நைனா. உன் ஊட்டுக்குப் போ" என்றார். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. வருத்தமாக இல்லை என்பது அவருக்கே ஆச்சரியம்.

அன்று சாயங்காலம் கள்ளிக்குப்பத்தில் தொட்டியைச் சுற்றித் தெரு கூடிவிட்டது. இராமகிருஷ்ணன் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, இது வேற மீனாட்டம் இருக்குதுங்க. எங்கீங்க புடிச்சது?"

கோதண்டம் சமையலறைப் பக்கம் பார்த்தார். தோசைக் கல்லில் சத்தம் கேட்டது. பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஊட்ல புடிச்சது" என்றார்.

"வீட்லயே புடிச்சதுக்கா கோவளம் வரைக்கும் போனீங்க?"

"அய்ய நைனா, ஊட்லன்னா எங்கூட்டம்மா, பூங்காவனம். அவங்க புடிச்சது."

"அப்ப நீங்க?"

"நானும் ஒண்ணு புடிச்சேன். தோ, இத்தாம்பெருசு." இரண்டு கையையும் விரித்தார். "உட்டுட்டேன்."

தெரு அவர் கைகளுக்கு நடுவே இருந்த காலி இடத்தைப் பார்த்தது. யாரோ இருமினார்கள். செய்யாததையெல்லாம் சொல்லி இத்தனை வருஷம் நம்பவைத்தவர் முதன்முதலாகச் செய்ததைச் சொன்னார். ஒருத்தரும் நம்பவில்லை.

"மே, நீயே சொல்லுமே. நான் புடிச்சனா இல்லியா?"

பூங்காவனம் தோசைத் திருப்பியோடு வாசற்படிக்கு வந்து, அழுகிற பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் சொன்னாள்: "புடிச்சாருங்க. ரொம்பப் பெருசாத்தான் புடிச்சாரு."