சீல் உடையாத ஸ்டீரியோ

தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகம். அதன் ஊழியர் மன்றத்துக்கு ஒரு ஸ்டீரியோ இன்றியமையாதது என்று 1979இல் ஏகமனதாக முடிவாயிற்று. டிஸ்கோ ஆடாத மன்றத்தை அப்போது யாரும் மன்றமாகவே மதிக்கவில்லை. கையிருப்புக்குப் பழைய ஸ்டீரியோதான் கட்டுப்படியாகும் என்றார்கள்.

செயலாளர் சுவிசேஷமுத்து தயங்கினார். போன வருஷம் பத்திரிகை விளம்பரத்தை நம்பி அவர் வாங்கிய ரேடியோவுக்குள் ஒன்றுமே இல்லை. இந்த முறையும் ஏமாந்தால் பதவி போய்விடும். பதினோரு வருஷம் நாற்காலி அடுக்கிய பிறகு கிடைத்த பதவி அது.

ஆகவே, ஏமாறாமல் இருப்பதற்கென்றே, விற்க வருகிறவர்கள் நிரப்பித் தர ஒரு படிவம் தயாரித்தார். இருபத்திரண்டு கேள்விகள், மூன்று பிரதிகள்.

முதலில் வந்தவர் தேக்காவில் ஜவுளிக்கடை வைத்திருந்த அஹமது கபீர். தம் ஸ்டீரியோவை டாக்சியில் கொண்டுவந்து, மேசைமேல் வைத்து, அரை மணி நேரம் பாடவிட்டார். டைப்பிஸ்ட் சம்சுன்னிசா தன்னையறியாமல் தாளம் போட்டாள். ஆனால், 'குறைகள் உண்டா?' என்ற ஏழாம் கேள்விக்கு, இடது ஸ்பீக்கர் கொஞ்சம் கரகரக்கும் என்று மனிதர் எழுதிவிட்டார்.

"மன்னிக்கணும் பாய், எடுத்துக்க முடியாது," என்றார் சுவிசேஷமுத்து.

"உள்ளதத்தானே தம்பி சொன்னேன். அதுக்குத்தான் வெலையும் கொறச்சேன் லா."

"சொன்னதுதான் பாய் பிரச்சினை. ஃபைல்ல ஏறிடுச்சே."

அடுத்தவர் உட்லண்ட்ஸிலிருந்து கனமான பெட்டியோடு வந்தார். குறைகள்: இல்லை. மூன்று பிரதியிலும் இல்லை. கையெழுத்தோ முத்துமுத்தாக இருந்தது. பெட்டியின் சீல்கூட உடையவில்லை; ஒருநாளும் திறக்கப்படாத பழைய ஸ்டீரியோவாம்.

"தொறந்து போட்டுக் கேக்கலாமே சார்?" என்றாள் சம்சுன்னிசா.

சீலை உடைத்தால், 'சீல் உடையாமல் உள்ளதா?' என்ற பதினான்காம் கேள்விக்கு எழுதிய பதில் பொய்யாகிவிடும் என்று அவளுக்கு விளக்கப்பட்டது.

மன்றத்தின் டிஸ்கோ விழாவன்று பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே பன்னிரண்டு டெலிபோன் டைரக்டரிகள். ஊரில் இருந்த அத்தனை பேருடைய பெயரும் அவற்றில் இருந்தது, விற்றவர் பெயரைத் தவிர.

சுவிசேஷமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவசரக் கூட்டம் கூடிப் படிவத்தைப் பரிசீலித்தது. ஒரு கட்டமும் விடுபடவில்லை. எனவே மன்றம் ஏமாறவில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. சம்சுன்னிசாவே பெட்டியை மறுபடி ஒட்டினாள், விற்பனை விளம்பரத்தையும் டைப் செய்தாள்.

ஜூரோங்கிலிருந்து இன்னொரு மன்றத்தின் செயலாளர் வந்தார். படிவத்தைப் பார்த்து வியந்து, தமக்கும் ஒரு கட்டு கேட்டார். ஏழாம் கேள்விக்குச் சுவிசேஷமுத்து 'இல்லை' என்று எழுதினார். டைரக்டரிகளில் ஒரு பக்கம்கூடக் கிழிந்திருக்கவில்லையே.

அடுத்த தேர்தலில் அவர் போட்டியின்றித் தேர்வானார்.

1983 வாக்கில் அந்தப் பெட்டி ஆறாவது மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு கைக்கும் விலை கொஞ்சம் ஏறியது. யாரும் ஏமாந்ததாக இதுவரை புகார் இல்லை.